பதினொன்றே முக்காலுக்கு எடுத்த படம்

போட்டோக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். வெளிச்சத்தைப் பற்றி எழுதவா, கல்யாண வீட்டில் சம்பந்திகளைச் சமாளிப்பது பற்றி எழுதவா என்றேன். "உங்க இஷ்டம்ணா, அனுபவம்னு இருந்தா போதும்" என்றார். அனுபவம் என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஜெயித்த கதையைத்தான் எடுத்து விடுவார்கள். போன மலரில் ஒருவர், மந்திரியே தன் தோளில் தட்டிக்கொடுத்ததாக இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தட்டிக்கொடுத்திருக்கட்டும். நான் எழுதப்போவது என் தொழிலிலேயே சலிப்பான ஒரு வேலையைப் பற்றி. ஒரு ஆபீஸைப் படம் எடுத்தேன், அவ்வளவுதான். அதில் ஒரு அம்மாவுக்கு வீடு போயிற்று.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராபர்ட்சன்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தேன். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர், அப்பா இங்கே தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். உங்களில் பாதிப் பேருடைய கதையும் அதுதான். ஸ்டூடியோவுக்கு வந்த வேலையில் கல்யாணம், காதுகுத்து ஒரு பாதி. மறுபாதி சாட்சிப் படங்கள். நசுங்கிய ஸ்கூட்டர், இடிந்த சுவர், எரிந்த கடை. போலீசுக்கோ இன்ஷூரன்சுக்கோ கோர்ட்டுக்கோ நான் எடுத்த படம் போனால் அதற்கு மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அந்தக் கர்வம்தான் பின்னால் என் வாயைக் கட்டியது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி ஒரே ஒரு பாடம்தான் சொல்லுவார். ஃபிரேமைச் சுத்தமாக வை. வேண்டாதது எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. மணமேடையில் எச்சில் டம்ளர் தெரிந்தால் மண்டையில் ஒரு குட்டு விழும். கல்யாண வீட்டுக்கு அது நல்ல பாடம், மறுக்கவில்லை. ஆனால் வேண்டாதது எது என்று யார் முடிவு செய்வது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழெட்டு வருடம் இருக்கும். பெங்களூர் விளம்பரக் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. இங்கே பக்கத்தில் கோரமண்டலில் உள்ள ஒரு ஆபீஸுக்கு வழுவழு தாளில் ஒரு புத்தகம் போடுகிறார்களாம். மக்களுக்கு எவ்வளவு சுலபமாக வேலை நடக்கிறது என்று காட்ட வேண்டுமாம். உள்ளூர் ஆளே போதும் என்று என்னைப் பிடித்திருக்கிறார்கள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். சுரங்கம் மூடிய பிறகு லைன் வீடுகளில், அதாவது சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், குடியிருப்பவர்களின் காகிதங்களைப் பார்த்து யார் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்த ஆபீஸ். இவ்வளவு தெரிந்தால் போதும்.

காலை பத்து மணிக்கெல்லாம் போய்விட்டேன். வாசல், பெயர்ப்பலகை, கொடிக்கம்பம் என்று வெளியே பதிமூன்று படம் எடுத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். என்னத்தை எடுப்பது? நீளமான கூடம். சுவரில் இடுப்பளவுக்குப் பச்சை, அதற்கு மேல் மஞ்சளாகிப்போன வெள்ளை. இரண்டு ட்யூப்லைட்டில் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சிவப்புத் துணியில் கட்டிய ஃபைல் மூட்டைகள் தரையில் கிடந்தன. பீரோவுக்கு மேல் கால் உடைந்த நாற்காலி. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றில் வரும் தூசி ஜன்னல் கம்பிகளில் படிந்து, விரலால் பேர் எழுதலாம் போல இருந்தது.

பெஞ்சுகளில் மட்டும் உயிர் இருந்தது. மாரிகுப்பம் கடைசி லைன்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், பென்ஷன் வாங்கும் வயசு ஆண்கள் சிலர். அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்க்கும் நாள் அது. அந்த ஒரு நாள்தான், காலை பத்திலிருந்து மதியம் ஒன்றுவரை. கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை நானே நின்று படித்தேன். ஆகையால் எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்லிக்கொள்ளும் வசதிகூட எனக்குக் கிடையாது. டோக்கன் இன்னும் கொடுக்கவில்லை. முதலில் போட்டோ முடியட்டும், அப்புறம் டோக்கன் என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். ரிஜிஸ்தரும் திறக்கவில்லை.

நான் அவர்களைத்தான் முதலில் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, அந்த முகங்கள் எல்லாம் அவ்வளவு தெளிவாக வந்தன. பத்தொன்பது படம். அன்றைக்கு நான் எடுத்ததில் படம் என்று சொல்லக்கூடியவை அவை மட்டும்தான்.

அதற்குள் பெங்களூர்க்காரரின் மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கண்ணாடிச் சுவர், வெள்ளை மேஜை, ஒரு ஆள் இல்லை. கூடவே போன். "க்ளீனா வேணும் சார். க்ரௌட் வேண்டாம்" என்றார். அதிகாரியும் அறையிலிருந்து வெளியே வந்து கூடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இது இன்னா ரேஷன் கடை மாதிரி இருக்கு. இவர்னெல்லா ஹொரகே கள்ஸ்ரி" என்று பியூனிடம் சொன்னார். எல்லோரையும் வெளியே அனுப்பு என்று அர்த்தம். பியூன் போய்க் கையை ஆட்டினார். ஒருத்தர் அசையவில்லை. விடியற்காலையில் வந்து இடம் பிடித்தவர்கள் எதற்கு அசைவார்கள்?

நான் சொன்னேன், அசைந்தார்கள். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"அக்கா, அம்மா, எல்லாரும் கொஞ்சம் வெளிய நிழல்ல நில்லுங்க. பத்து நிமிஷம். படம் எடுத்ததும் நானே வந்து கூப்புடறேன்" என்றேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பூங்காவனம் என்று பெயர், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "நீ யாரு தம்பி? இந்த ஆபீஸா?"

"இல்லக்கா, நம்ம ஊருதான். எங்கப்பாவும் மைன்ஸ்லதான் இருந்தாரு."

"அப்ப சரி" என்று அவர் எழுந்தார். மற்றவர்களைப் பார்த்து, "நம்ம புள்ளதான் சொல்லுது, வாங்க" என்றார். வாசலில் நின்று திரும்பி, "கூப்புட மறந்துடாத தம்பி. எங்க வூட்டுக்காரரு போன பின்னாடி அந்த ரெண்டு ரூமுதான் எனக்கு" என்றார்.

"மறப்பனாக்கா" என்றேன்.

அவர்கள் வெளியே போனதும் பியூன் கம்பிக்கதவை இழுத்துத் தாழ் போட்டார். யாரும் ஃபிரேமுக்குள் நுழைந்துவிடக் கூடாதாம். நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியும். கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கூப்பிடும்வரை நிற்பார்கள். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, கேஜ் என்போம், மேலே வந்து, மணி அடித்து, இறங்கு என்று சொன்ன பிறகுதான் ஒருவன் காலை எடுத்து வைப்பான். முண்டியடித்தால் உயிர் போகும். மூன்று தலைமுறை அப்படி நின்று பழகிய ஜனம் அது. வேறு ஊராக இருந்தால் கால் மணி நேரத்தில் கதவை உலுக்கியிருப்பார்கள். இவர்கள் நின்றார்கள்.

உள்ளே நாங்கள் சுத்தம் செய்தோம். ஃபைல் மூட்டைகளைப் பின்னறைக்குத் தள்ளினோம். உடைந்த நாற்காலியை இறக்கினோம். அதிகாரியின் அறையிலிருந்து ஒரு பூச்சாடி வந்தது. பெஞ்சுகளை ஈரத் துணியால் துடைத்து நேராகப் போடச் சொன்னேன். கவுன்டரில் கிளார்க் அம்மாவை உட்காரவைத்து, வந்தவரை வரவேற்பது மாதிரி சிரியுங்கள் என்றேன். யாரும் இல்லாத பெஞ்சைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார். சுவர்க் கடிகாரம் தலைக்கு மேல் நன்றாகத் தெரியும்படி கேமராவை வைத்தேன், அழகாக இருக்கும் என்று. மணி பதினொன்றே முக்கால். அந்தப் படம் எனக்கே பிடித்திருந்தது.

அதிகாரி கேமராவின் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் காட்டச் சொன்னார். பெஞ்சில் ஜனங்கள் இருந்த படங்கள் வந்தன. "பேடா. டெலீட் மாடி" என்றார். வேண்டாம், அழித்துவிடு. ஒன்றை அழித்தேன். அடுத்தது. அதுவும் பேடா. பத்தொன்பது தடவை இந்தக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஏன் சார், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர் முன்னாலேயே அழித்துக் காட்டினால் அவருக்கு நம்மேல் நம்பிக்கை வரும் என்பது என் வழக்கம். அதை ஒரு தொழில் நேர்த்தி என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருடைய அறையில் படம், அவர் கையெழுத்துப் போடுவது மாதிரிப் படம், போன் பேசுவது மாதிரிப் படம். மணி ஒன்று ஆகிவிட்டது. பழைய கிளப் கட்டிடத்தில் ஒரு நிகழ்ச்சி, அதையும் எடுத்துவிடுங்கள் என்று அதிகாரி பின்வாசல் வழியாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். போனேன். படம் எடுத்தேன். சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் கம்பிக்கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தபோது நான்கு மணி. கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார், "மூணு வரைக்கும் நின்னுக்கினு இருந்தாங்க. போட்டோக்காரரு கூப்புடறேன்னாரு, போட்டோக்காரரு கூப்புடறேன்னாருன்னு. அப்பால கிளார்க்கம்மா வந்து, சார் போயிட்டாரு, நாளைக்கு வாங்கன்னு சொல்லிச்சி."

நாளைக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நாளைக்கு வாங்கிக்கொள்வார்கள், என்ன பெரிய விஷயம் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவர்கள் போனபோது தேதி முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒரு எட்டு போய் விசாரித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த லைன்காரர்களுக்குக் கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளில் ஆஜராகவில்லை, ஆகவே மனு தள்ளுபடி. அவர்கள் கோலாருக்குப் போய் மேலதிகாரியிடம் மனு கொடுத்தார்கள். நாங்கள் போனோம், வெளியே நிற்கவைத்தார்கள் என்று எழுதினார்கள். விசாரணை வைத்தார்கள். ஆபீஸ் தரப்பில் என்ன காட்டினார்கள் தெரியுமா? வழுவழு தாளில் அச்சான என் படத்தை. திறந்த கவுன்டர், சிரித்த முகத்தோடு கிளார்க், காலி பெஞ்சு, தலைக்கு மேல் பதினொன்றே முக்கால். கேமராவில் பதிவான தேதியும் சரியாக இருந்தது. எழுதாத ரிஜிஸ்தர் அதற்குத் துணை. நாங்கள் காத்துக்கொண்டுதான் இருந்தோம், யாரும் வரவில்லை என்றார்கள். படம் அசல்தானா என்று சொல்ல என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் காலையில் பூங்காவனம் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை.

"தம்பி, நீ எங்கள படம் எடுத்தல்ல? நான் பாத்துக்கினுதான் இருந்தேன். எங்க பக்கந்தான் கேமராவ வெச்சிருந்த. அந்தப் படத்துல ஒன்னு குடு, போதும். நாங்க வந்தோமா வரலயான்னு அத பாத்தாலே தெரிஞ்சிடும்."

"அழிச்சிட்டங்கா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "ஏன் அழிச்ச? நாங்க இன்னா அவ்ளோ அசிங்கமாவா இருந்தோம்?" என்றார்.

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஆபீஸ் வற்புறுத்தியது, கம்பெனி வற்புறுத்தியது என்று பூசி மெழுகினேன். அவர் நான் முடிப்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டு, "நாளைக்கு வந்து நடந்தத சொல்லு தம்பி. நீ சொன்னா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெமரி கார்டை ரிகவரி போட்டு அழித்த படங்களை மீட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு காதுகுத்து, இரண்டு வளைகாப்பு, ஒரு கல்யாணம் எடுத்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை. ஆனால் வேறொன்று இருந்தது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக எண் போடுகிறது, படத்தை அழித்தாலும் அந்த எண்ணை அடுத்த படத்துக்குக் கொடுப்பதில்லை. இது உங்களுக்குத் தெரியும், அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். பதிமூன்றாவது படம் பெயர்ப்பலகை, பத்து இருபதுக்கு. அதற்கு அடுத்தது முப்பத்து மூன்று, காலி கூடம், பதினொன்றே முக்காலுக்கு. நடுவில் பத்தொன்பது எண்கள் இல்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு போட்டோகிராபர் ஆபீஸுக்குள் இருந்துகொண்டு எதை எடுத்தான், எதை அழித்தான் என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். அந்தப் பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்து, மடித்து, மறுநாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

விசாரணை அதே கூடத்தில். உள்ளே போவதற்கு முன் அந்த அதிகாரி வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்தார். மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "உங்க படம் பொய்னு ஒரு தடவ எழுதிட்டாங்கன்னா, இதுக்கு முன்னாடி கோர்ட்டுக்கு நீங்க குடுத்த படமெல்லாம் இன்னா ஆவும்? உங்க நல்லதுக்குச் சொல்றேன், யோசன பண்ணுங்க" என்றார். ஆள் வெட்கமில்லாதவர்தான், ஆனால் என் கர்வம் எங்கே இருக்கிறது என்று கச்சிதமாகத் தெரிந்து வைத்திருந்தார்.

கோலாரிலிருந்து வந்த மேலதிகாரி ஒரு பெண்மணி. நேர்மையானவர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் கன்னடத்தில் கேட்டார், நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தப் படத்தை நீங்கள்தான் எடுத்தீர்களா?"

"ஆமாம்."

"கம்ப்யூட்டரில் ஏதாவது மாற்றினீர்களா? யாரையாவது நீக்கினீர்களா?"

"இல்லை மேடம்."

சத்தியமான பதில். கம்ப்யூட்டரில் நான் யாரையும் நீக்கவில்லை.

பின் வரிசையிலிருந்து பூங்காவனம் அக்கா எழுந்தார். "அவருதாம்மா எங்கள வெளிய போவச் சொன்னாரு. கூப்புடறேன்னு சொன்னாரு. அதுக்குத்தான் நின்னோம்" என்றார் தமிழில். மேலதிகாரிக்குத் தமிழ் புரிந்தது. என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்று கேட்டார்.

"படத்துக்காகச் சிலரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன் மேடம். அது வழக்கம்தான்."

"எத்தனை பேர்? இந்த அம்மா அதில் இருந்தாரா?"

பாருங்கள், அந்த அம்மையார் கதவை எனக்காக அகலமாகத் திறந்து வைத்துவிட்டார். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தால் போதும். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி, கிளார்க், லைன்காரர்கள். வெளியூர் போலீஸ் ஸ்டேஷன்களில்கூட என் ஸ்டூடியோ முத்திரைக்கு இருந்த மரியாதை எல்லாம் என் கண்முன் வந்து நின்றது. இன்ஷூரன்ஸ்காரர்கள் இனி வேறு ஆளைத் தேடுவார்கள் என்ற எண்ணம் வந்தது.

"நினைவில்லை மேடம்" என்றேன்.

அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் தாளுக்கு மேல் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு எழுதிக்கொண்டார். பூங்காவனம் அக்கா உட்கார்ந்துவிட்டார். தாள் என் பையிலேயே இருந்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

லைன்காரர்களில் சிலருக்கு ஆள் பலம் இருந்தது. பெங்களூர்வரை போய் அலைந்து, மறுபடி மனு போட்டு, ஒருவழியாக வாங்கினார்கள். பூங்காவனம் அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை. மகன் தினம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்வருகிற கூலிக்காரர், லீவு போட்டால் வேலை போய்விடும். அந்த வீடு வேறு ஒருவர் பேருக்குப் போயிற்று. அக்காவின் புருஷன் முப்பது வருடம் இங்கேயே மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கத்தில் இறங்கி, அந்தத் தூசியில் நெஞ்சு கெட்டு, இருமி இருமிச் செத்த வீடு. அக்கா பங்காருப்பேட்டையில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

என் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ கோர்ட்டுக்குப் படம் கொடுத்தேன். அதே ஆபீஸிலிருந்து மறுவருடமும் கூப்பிட்டார்கள், போனேன். வேலையை விட்டேன், தூக்கமில்லாமல் தவித்தேன் என்றெல்லாம் எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடிக்கும். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். எப்போதாவது காலி நாற்காலிகளை எடுக்கும்போது மட்டும் கேமராவை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்ப்பேன்.

பிள்ளைகளே, ஆளுக்கு ஒரு லென்ஸ், ஆளுக்கு ஒரு ட்ரோன் வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் சொல்கிறார் என்று நின்ற இடத்தில் எதையும் அழிக்காதீர்கள். அவருக்கு வேண்டாம் என்றால் அவருக்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். யாரையாவது வெளியே போகச் சொன்னால், நீங்களே போய் உள்ளே அழைத்து வாருங்கள். அதற்கப்புறம் பையை மூட்டை கட்டுங்கள். உங்களுக்காக எழுந்து வழி விட்டவர்கள் அவர்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னொருத்தர் வீடு தேவைப்பட்டது.

விசாரணை முடிந்து ஒரு வருடம் இருக்கும். மத்தியான நேரம். ஸ்டூடியோ படியேறி ஒரு அம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். முதலில் அடையாளம் தெரியவில்லை. ரொம்ப இளைத்திருந்தார். பூங்காவனம் அக்காதான்.

"பாஸ்போட் சைஸ் நாலு வேணும்" என்றார். "அட்ரஸ் மாத்தறதுக்கு. பங்காருப்பேட்டைல கேட்டாங்க."

அங்கே ஸ்டூடியோவே இல்லாத மாதிரி இங்கே எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தார். இரண்டு படம் எடுத்தேன். கேமராவை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன், சரியாக இருக்கிறதா என்று.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நான்தான இது?" என்றார்.

"நீங்கதாங்கா."

"அன்னிக்கி படத்துல நான் இல்ல. அப்ப அன்னிக்கி நான் வரல. அப்படித்தான?"

ஸ்டூடியோவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. எழுதிக்கொள்ள யாரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"வந்தீங்கக்கா. மூணாவது பெஞ்சுல, செவுத்தோரமா உக்காந்திருந்தீங்க. ஊதாப் பொடவ. மடியில ஒரு மஞ்சக் கவர்ல காயிதமெல்லாம் வெச்சிருந்தீங்க. பக்கத்துல இருந்த அம்மாவுக்கு வெத்தல மடிச்சுக் குடுத்துக்கினு இருந்தீங்க. உங்களோட சேத்து மொத்தம் இருபத்தாறு பேரு."

அக்கா ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நல்லா நாபகம் வெச்சிக்கினுதான் கீற" என்று சொல்லிவிட்டு, படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.